ரௌட்டருக்கு இரண்டு சாவி

காரைக்குடியில் அவரை முதலில் "கேபிள் தம்பி" என்றுதான் கூப்பிட்டார்கள். 2007க்குப் பிறகு "மோடம் தம்பி" ஆனார். இப்போது மீசை நரைத்துவிட்டது, "நெட்டுக்கார அண்ணன்". பெயர்தான் மாறியதே தவிர வேலை அதேதான்: அடுத்தவர் வீட்டுக்குள் போய், சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு சின்னப் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது.

பெட்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தூசியைத் துடைத்தால் இரண்டு கடவுச்சொற்கள் தெரியும். ஒன்று வைஃபைக்கு. மற்றது பெட்டிக்கே உரியது. 192.168.1.1 என்று உலாவியில் தட்டினால் வரும் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கு. முதல் சாவி வீட்டில் எல்லாரிடமும் இருக்கும், பால்காரர் மகனிடம்கூட. இரண்டாவது என்று ஒன்று இருப்பதே பாதி வீடுகளில் தெரியாது. தான் பார்த்த பெரிய தொல்லைகள் எல்லாம் அந்த இரண்டாவது சாவியில்தான் வந்து முடிந்தன என்கிறார். அதில் ஒன்றுக்கு அவரே காரணம். அந்தக் கதையை அவர் மறைப்பதில்லை.

ஆரம்ப காலத்தில் கம்பியில்லா மோடம் என்பதே ஊரில் அதிசயம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் வாங்காமல் கருவி வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்ததே 2005 ஜனவரியில்தான். அவர் முதலில் மாட்டிய மோடம்களில் இருந்த பூட்டுக்கு டபிள்யூ.இ.பி. என்று பெயர். அதற்கு ஒரு வினோதமான கட்டுப்பாடு உண்டு. சாவியைச் சாதாரண எழுத்தில் கொடுப்பதானால் சரியாக 5 எழுத்து, இல்லாவிட்டால் சரியாக 13. ஆறு கூடாது, ஏழு கூடாது.

"அஞ்செழுத்தா? அதுக்கு யோசிக்கவே வேண்டாமே, தம்பி" என்றாராம் ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறோடு. ஆங்கிலத்தில் 'ஷிவா' என்று அடித்தால் கணக்காக ஐந்து எழுத்து வரும். அந்த வருஷம் அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அதுதான் சாவி. யாரும் யாரிடமும் கேட்டு வைத்ததில்லை, தானாக அமைந்தது.

அந்தப் பூட்டு அப்போதே செத்துப்போன பூட்டு என்பது அவருக்கு அன்று தெரியாது. 1997இல் வைஃபை தரத்தோடு வந்த டபிள்யூ.இ.பி.யில், ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் மறைக்க 24 பிட் தொடக்க எண் ஒன்றைச் சேர்ப்பார்கள். அதில் மொத்தம் சுமார் 1 கோடியே 67 லட்சம் எண்கள்தான் உண்டு. போக்குவரத்து அதிகமுள்ள இணைப்பில் அவை தீர்ந்து, திரும்பத் திரும்ப வரும். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதன் அடிப்படை ஓட்டையை எழுதிக் காட்டினார்கள். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 எழுத்துச் சாவியையே ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டார்கள். இவர் முதல் மோடத்தை மாட்டியதும் அதே வருஷம்.

பல வீடுகளில் அந்தப் பூட்டும் கிடையாது. பூட்டு போட்டால் ஒவ்வொரு லேப்டாப்பிலும் எண் கேட்கும், வாடிக்கையாளர் போன் பண்ணுவார், சைக்கிளை எடுக்க வேண்டும். அதனால் 'ஓப்பன்' என்று விட்டுவிட்டு வருவதே வழக்கமாக இருந்தது.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்கள் முன்னால் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. காவல்துறை அதன் முகவரியைத் தேடிக்கொண்டு போய் நின்ற இடம், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. அவருடைய வைஃபை பூட்டில்லாமல் இருந்திருக்கிறது, யாரோ அதில் புகுந்து அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் மும்பை காவல்துறையினர் தெருத்தெருவாகப் போய்த் திறந்த வைஃபைகளைத் தேடத் தொடங்கியதும், தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லி அறிவுறுத்தியதும் இதன் தொடர்ச்சிதான்.

அந்த மின்னஞ்சல் செய்தி வந்த வாரம், ஒரு வங்கி அதிகாரி இவரைப் பிடித்துக்கொண்டார். "ஏன்ப்பா, எவனோ தெருவுல நின்னு அனுப்புனா எங்க வீட்டுக்கா போலீஸ் வரும்?" ஆமாம் என்று சொல்வதைத் தவிர வேறு பதில் இல்லை. வெளி உலகத்துக்குத் தெரிவது வீட்டு இணைப்பின் முகவரி ஒன்றுதான். அதற்குப் பின்னால் எந்தக் கை தட்டியது என்பது தெரியாது. அந்த மாதம் முழுக்க அவர் வீடு வீடாகப் போய்ப் பூட்டு போட்டார். இந்த முறை டபிள்யூ.பி.ஏ.2. 2004இல் வந்த அந்தப் பூட்டு இன்றும் ஊரில் பெருவாரியாக இருக்கிறது. பழைய மோடம்கள் சிலவற்றில் அந்த வாய்ப்பே இல்லை. அவற்றை மாற்றச் சொன்னால், "ஓடுறதை எதுக்கு மாத்தணும்?" என்பார்கள்.

பயத்தைவிட வேகமாக வேலை செய்தது பில்தான். அந்தக் காலத் திட்டங்களில் மாதம் 1 ஜி.பி. வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக்காசு. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்கு ஒரு மாதம் நாலாயிரத்துச் சொச்சம் பில் வந்துவிட்டது. அவர் பார்ப்பது மகனின் மின்னஞ்சல் மட்டும். பக்கத்து மாடியில் ஐந்து மாணவர்கள் தங்கியிருந்தார்கள். இவர் போய் மோடத்தின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைக் காட்டினார். அதில் ஆறு லேப்டாப்கள் இருந்தன. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அஞ்சு பசங்கதானே, ஆறாவது யாரு?" என்று கேட்டாராம்.

பூட்டு வந்ததும் அடுத்த சிக்கல், சாவியாக எதை வைப்பது. வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணை வைப்பது என்ற வழக்கத்தை ஊரில் பரப்பியவர்களில் இவரும் ஒருவர். 10 இலக்கம், மறக்காது, எழுதி வைக்க வேண்டாம். வைஃபை மாட்டுகிற பலர் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள். எதிர்வீட்டுக்காரருக்கும் அந்த எண் தெரியும் என்பது முதல் குறை. இரண்டாவது குறையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் விடுமுறைக்கு வந்திருந்த பொறியியல் கல்லூரி மாணவன்.

போன் ரௌட்டரோடு இணையும் கணத்தில் இரண்டுக்கும் நடுவே நான்கு செய்திகள் போய்வரும். அதைத் தெருவில் நின்றே பிடிக்கலாம். அதில் கடவுச்சொல் இருக்காது. ஆனால் ஒரு சொல்லைச் சொன்னால் சரியா தப்பா என்று சோதித்துப் பார்க்க அது போதும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாக ஊகிக்கலாம், ரௌட்டருக்கு ஒன்றும் தெரியாது. இந்தியச் செல்பேசி எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில் தொடங்கும், ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். விளையாட்டுக் கணினியில் இருக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்கு லட்சக்கணக்கில் ஊகிக்கும். நாட்டில் உள்ள அத்தனை செல்பேசி எண்களையும் போட்டுப் பார்க்கச் சில மணி நேரம் ஆகும். மாணவன் கணக்குப் போட்டுக் காட்டியபோது இவர் பேசவில்லை. தன் வீட்டு ரௌட்டருக்கும் அவர் தன் எண்ணைத்தான் வைத்திருந்தார்.

டபிள்யூ.பி.எஸ். என்ற பொத்தானைப் பற்றியும் அவனிடம்தான் தெரிந்துகொண்டார். கடவுச்சொல் அடிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காக வந்த வசதி அது. 8 இலக்க எண் கொடுத்தாலும் போதும். எட்டாவது இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண், ஆக ஒரு கோடி சாத்தியங்கள் இருக்க வேண்டும். ஆனால் ரௌட்டர் முதல் நான்கைத் தனியாகவும் அடுத்த மூன்றைத் தனியாகவும் "சரி", "தப்பு" என்று சொல்லிவிடும். 10,000 கூட்டல் 1,000. பதினோராயிரம் தட்டலில் கதவு திறந்துவிடும். ஸ்டெஃபான் ஃபீபொக் என்ற ஆஸ்திரிய இளைஞர் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். மாணவன் சொன்னதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் இவர் முதலில் அணைப்பது அந்த வசதியைத்தான்.

செட்டிநாட்டு வீடுகள் வைஃபைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடக்கும். சுவர் ஒவ்வொன்றும் தடியான செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனி அறை. ரௌட்டர் இருப்பது முகப்பில், நெட்டு வேண்டியது இரண்டாங்கட்டில். நிறுவனத்து ஆட்கள் 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை முகப்பில் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த அலையின் நீளம் ஆறு சென்டிமீட்டர் அளவுதான், இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு நின்றுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அதைவிட இரண்டு மடங்கு நீளம். மெதுவாக வந்தாலும் வந்து சேரும்.

ஏற்கெனவே இருக்கிற தடைகள் போதாது என்று ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். "கண்ணு படுற மாதிரி இருக்கக் கூடாதுல்ல" என்று ஓர் ஆச்சி காரணம் சொன்னார். ஆளுயரக் கண்ணாடியும் பிரச்சினைதான், பின்புறம் பூசிய உலோகம் அலையைத் திருப்பி விடும். பர்மா தேக்குத் தூணில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், அது நியாயம். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கவும் முடியாது, அதுவும் நியாயம். வளவின் கூரை விளிம்போரம் லேன் கேபிளை மறைத்து ஓட்டி, இரண்டாங்கட்டில் இன்னொரு பெட்டி வைப்பது ஒன்றே நல்ல வழி. கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். அதைத் தாண்டும் வீட்டை அவர் இதுவரை பார்க்கவில்லை. ரிப்பீட்டர் மாட்டினால் செலவு குறையும், வேகமும் கிட்டத்தட்டப் பாதி குறையும். கேட்பவரிடம் இரண்டையும் சொல்லிவிடுவார்.

இந்த இரண்டாவது பெட்டியால் ஒரு கல்யாண வீடே தவித்தது. மாப்பிள்ளையின் தம்பி சென்னையிலிருந்து பழைய ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, நல்லெண்ணத்தில், இரண்டாங்கட்டுக் கேபிளில் செருகிவிட்டார். அரை மணி நேரத்தில் வீடு முழுக்க நெட்டு போச்சு. வெளிநாட்டு உறவினர்களுக்கு நேரலை காட்ட வந்த வீடியோக்காரர் தலையில் கை வைத்துவிட்டார். நடந்தது இதுதான்: ஒரு வீட்டில் கருவிகளுக்கு எண் வழங்கும் வேலையை ஒரு ரௌட்டர்தான் செய்ய வேண்டும். அங்கே இரண்டு பெட்டிகள் அதைச் செய்தன, இரண்டுக்கும் முகவரி 192.168.1.1. எந்த போன் எந்தப் பெட்டியிடம் எண் வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது இவர் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்து அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தார். அதில் எண் வழங்கும் வேலையான டி.எச்.சி.பி.யை அணைத்து, முகவரியை மாற்றி, மறுபடி அதே இடத்தில் மாட்டினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள்.

இனி அவருடைய சொந்தத் தப்பு.

2017 ஜூலைக் கடைசியில் ஒரு நிறுவனத்தின் இணைய மோடம்கள் பல ஊர்களில் ஒரே நேரத்தில் செத்தன. சிவப்பு விளக்கு எரியும், ரீசெட் பண்ணினால் உயிர் வரும், மறுபடி சாகும். தீய நிரல் ஒன்று இணையம் வழியே மோடத்துக்கு மோடம் போய், 'அட்மின்', 'அட்மின்' என்று தட்டிப் பார்த்திருக்கிறது. தொழிற்சாலையில் வைத்த அந்தச் சொல்லை மாற்றாத பெட்டிகள் எல்லாம் திறந்துகொண்டன. அமெரிக்காவில் மூன்று இளைஞர்கள் எழுதிய மிராய் என்ற நிரல் 2016இல் செய்ததும் இதே வேலைதான். சுமார் 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான் அதன் ஆயுதம். அதை வைத்துக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்தப் படையை ஏவி அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டரையும் நெட்ஃபிளிக்ஸையும் மணிக்கணக்கில் முடக்கினார்கள்.

இவர் பாடம் படித்தார், ஆனால் பாதி. எல்லா வீட்டிலும் 'அட்மின்' என்ற சொல்லை மாற்றினார். மாற்றி, எல்லா வீட்டுக்கும் ஒரே சொல்லை வைத்தார். 300 வீட்டுக்கு 300 சொல்லை யார் ஞாபகம் வைப்பது? 2020இல் ஊரடங்கு வந்தது. கானாடுகாத்தானுக்கும் தேவகோட்டைக்கும் வண்டி எடுத்துப் போக முடியாது. எல்லாரும் வீட்டிலிருந்து வேலை, பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, போன் ஓயவில்லை. அதனால் புதிதாக மாட்டிய ஃபைபர் ரௌட்டர்களில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்ற இடத்தில் ஒரு டிக் போட்டு வைத்தார். அதன்பின் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி யாருடைய பெட்டிக்குள்ளும் போய்ச் சரிசெய்ய முடிந்தது. ஊரே அவரைப் புகழ்ந்தது.

2022 கோடையில் ஒரு மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டார். எந்தத் தளத்துக்குப் போனாலும் நடுவில் ரம்மி விளம்பரம். போனைச் சுத்தம் பண்ணியும் போகவில்லை. அடுத்த நாள் பள்ளத்தூரிலிருந்து அதே புகார். வங்கிப் பக்கத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வருகிறது என்றார் மூன்றாமவர். அப்போதுதான் இவருக்கு வயிற்றைக் கலக்கியது. ரௌட்டருக்குள் போய்ப் பார்த்தால், டி.என்.எஸ். என்ற கட்டத்தில் முன்பின் பார்த்திராத ஓர் எண். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைச் சொல்லும் ஆள்தான் டி.என்.எஸ். அந்த ஆளையே மாற்றி வைத்துவிட்டால், சரியான பெயரை அடித்தாலும் தப்பான கடைக்குத்தான் வழி காட்டுவான். பிரேசிலில் 2011, 2012இல் 45 லட்சம் மோடம்களில் நடந்தது இதுவேதான்.

பொதுச் சாவி அவரிடம் வேலை பார்த்துவிட்டுப் போன நான்கு பையன்களுக்கும் தெரியும். கடைச் சுவரில் ஒட்டிய தாளில்கூட எழுதியிருந்தது. இதில் யாரைச் சந்தேகப்படுவது? அவர் யாரையும் கேட்கவில்லை. இரண்டு இரவும் ஒரு பகலும் உட்கார்ந்து, எட்டிய பெட்டிகளில் எல்லாம் டி.என்.எஸ்.ஸைத் திருத்தி, அந்த 'ரிமோட்' டிக்கை எடுத்தார். பதினோரு வீடுகளில் எண் மாறியிருந்தது. பதினோரு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, வங்கிக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி, இது என் தப்பு என்று சொன்னார். யாருக்கும் பணம் போகவில்லை. இரண்டு பேர் அவரை விட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது ஒரு வீட்டுக்குப் போனால் அவசரப்படுவதில்லை. வைஃபையில் அல்லாமல் கேபிளில் லேப்டாப்பைச் செருகிப் பெட்டிக்குள் போகிறார். இரண்டாவது சாவியை அந்த வீட்டுக்கென்று புதிதாக வைத்து, சீட்டில் எழுதி, வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்து, "பத்திரம் வைக்கிற இடத்தில் வையுங்க" என்கிறார். தான் எழுதிக்கொள்வதில்லை. சில நிறுவனங்களின் பெட்டிகளில் வீட்டுக்காரருக்கே பாதிக் கதவு பூட்டியிருக்கும். முழு உரிமையுள்ள இன்னொரு கணக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அதன் மேல் அவருக்குத் தீராத எரிச்சல். காசு கொடுத்தவருக்குத் தெரியாத சாவி ஒன்று அவர் வீட்டுக்குள்ளேயே இருப்பது என்ன நியாயம் என்று கேட்கிறார். அது நியாயமான கேள்விதான்.

வைஃபை பெயரை ஒளித்து வைக்கச் சொல்கிறவர்களுக்கு அவர் மசிவதில்லை. ஒளித்த பெயரை வீட்டுப் போனே காற்றில் கூவிக் கேட்கும், அதைப் பிடிக்க இலவச மென்பொருள் போதும். ஆனால் பெயரில் கதவு எண் வேண்டாம் என்பார். தமிழில் பெயர் வேண்டும் என்றால் சந்தோஷமாக வைத்துக் கொடுப்பார், ஒரு கணக்கோடு. வைஃபை பெயருக்கு 32 பைட் இடம்தான். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட் ஆகும், புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள். 'ராம விலாசம்' 31 பைட்டில் நூலிழையில் தப்பிக்கும். 'மீனாட்சி இல்லம்' 43, நுழையாது. கடவுச்சொல்லுக்கு அந்தச் சலுகையும் இல்லை. 8 முதல் 63 வரை, ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும் மட்டும்.

போன மாதம் ஓர் ஆச்சியிடம் அந்தச் சொல்லைக் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க ஆச்சி. நாலு வார்த்தை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கக் கூடாது."

"சீயம், கந்தரப்பம், மனகோலம்..."

"எல்லாம் பலகாரம் ஆச்சி. ஒரே தட்டு."

ஆச்சி யோசித்தார். மனகோலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ரங்கூனில் அப்பச்சி வைத்திருந்த வண்டியின் நிறம், முதல் பேரன் கையை உடைத்துக்கொண்ட மரம், பிடிக்காத ஒரு காய் என்று சேர்த்தார். ஆங்கில எழுத்தில் முப்பது எழுத்துக்கு மேல் வந்தது. அதை ஊகிக்க எந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஆயுசு போதாது. ஆச்சி சீட்டைப் பார்க்காமல் இரண்டு முறை ஒப்பித்துக் காட்டினார். (இங்கே சொன்னது சரியான வரிசை இல்லை. மரமும் வேறு.)

பிறகு விருந்தினர்களுக்குத் தனி வைஃபை, அதிலேயே கேமராக்களும். பூட்டிக் கிடக்கும் வீடுகளைச் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் போனில் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் கேமரா வைத்துவிட்டார்கள். அதை மாட்டுகிறவர்கள் வெளியிலிருந்து எட்டுவதற்காக ரௌட்டரில் ஓர் ஓட்டையைப் போட்டு, கேமராவின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அப்படியே விட்டுப் போகிறார்கள். திருடனுக்குப் பயந்து வைத்த கேமராவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலைமை. இவர் ஓட்டையை அடைத்து, சொல்லை மாற்றிவிட்டுத்தான் கிளம்புகிறார். டபிள்யூ.பி.ஏ.3 இருக்கும் பெட்டியில் அதைப் போடுகிறார். 2018இல் வந்த அந்தப் பூட்டில், தெருவில் பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போய் ஊகிக்கும் வேலை நடக்காது. பழைய போன்கள் முரண்டு பிடித்தால் இரண்டும் கலந்த முறை.

அவருடைய வண்டிப் பெட்டியில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பழைய பொதுச் சாவி போட்ட 312 வீடுகளின் பட்டியல். சாவியை நேரில்தான் மாற்றுவது, புதியதை வீட்டுக்காரர் கையில்தான் கொடுப்பது என்று வைத்துக்கொண்டதால் வேலை மெதுவாக நடக்கிறது. முடித்த வீட்டைச் சிவப்பு மையில் அடிக்கிறார். இன்னும் 27 பாக்கி. அதில் 19 வீடுகள் பூட்டியிருக்கின்றன. கேமராவுக்காக ரௌட்டர் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. தை மாதக் கல்யாணங்களுக்கு அவற்றில் ஐந்தாறு திறக்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்.